விட்டுட்டேன் என்று ஒன்பது வருஷம் சொன்னேன்

வென்ட்வேர்த்வில்லில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் நான் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குப்பை கொட்டப் போனேன். சிவப்பு மூடி போட்ட தொட்டிக்கும் பக்கவாட்டு வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே நின்று ஒரு சிகரெட். பிறகு தோட்டத்துக் குழாயில் கை கழுவி, புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி உள்ளே வருவேன். என் மனைவிக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் கேட்டாள்: "என்னங்க, ஒரு கவர் குப்பையப் போட எதுக்குப் பத்து நிமிஷம் ஆகுது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம். பொய் சொல்லாதீங்க. எனக்கு நாலு வருஷமாத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அந்த நாலு வருஷம்தான். சிகரெட்டால் என்னென்ன நோய் வரும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், சர்வர் விழுந்தால் எழுப்பத் தெரியும், அவ்வளவுதான். நம்ம ஆட்கள் சிகரெட்டை விட முடியாமல் தவிப்பதற்கு நிக்கோட்டின் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அதை ஒளித்து வைக்கிற நம் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கும் தெரியாமல் பிடிக்கிறவன் யாருக்கும் தெரியாமல்தான் விட வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் விட்டவன் மறுபடி ஆரம்பித்தாலும் கேட்க ஆள் கிடையாது.

முதல் சிகரெட் 2007இல், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். எல்லோரும் சினிமாவைத்தான் குறை சொல்வார்கள். 2002இல் 'பாபா' வந்தபோது ரஜினியின் சிகரெட்டை எதிர்த்து டாக்டர் ராமதாஸ் செய்த போராட்டமும், 2018இல் 'சர்கார்' போஸ்டரில் விஜய் கையில் சிகரெட் இருந்ததற்கு வந்த எதிர்ப்பும் நமக்கு நினைவிருக்கும். நான் ரஜினியைப் பார்த்துத் தொடங்கவில்லை. காலேஜ் வாசல் டீக்கடையில் சீனியர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன், இங்கிலீஷ் தடுமாறும், யாரையும் தெரியாது. "தம் அடிப்பியா?" என்று ஒரு சீனியர் கேட்டார். அடிப்பேன் என்றேன். பெட்டிக்கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்ற வைக்கத் தெரியாமல் புருவத்தைச் சுட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த இடத்துக்கு நான் கொடுத்த விலை பதினாறு வருஷம்.

சென்னை ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே கதைதான். யார் ஆன்சைட் போகிறார்கள், எந்த மேனேஜர் எந்தப் பிராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கிறார் என்ற தகவல் எல்லாம் டீக்கடையில்தான் கிடைக்கும், மீட்டிங்கில் கிடைக்காது. 2016இல் சிட்னி வந்து இறங்கினேன். பாரமட்டாவில் ஆபீஸ். முதல் மூன்று மாதம் என்னோடு வேலை தவிர வேறு எதையும் பேசியவர்கள் மூன்றே பேர். கட்டடத்துக்குப் பின்னால் நின்று புகைத்த ஒரு லெபனான்காரர், ஒரு நியூசிலாந்துக்காரி, ஒரு செக்யூரிட்டி. வீடு எங்கே பார்க்கலாம், வரிக்கணக்கை எப்படித் தாக்கல் செய்வது என்பதையெல்லாம் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். புலம்பெயர்ந்தவனுக்குச் சிகரெட் ஒரு போதை மட்டும் இல்லை, ஐந்து நிமிட உறவு. இதைப் புரிந்துகொள்ளாமல் "விட்டுத் தொலையேன்" என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? விட்ட பிறகு எனக்கு முதலில் குறைந்தது இருமல் இல்லை, பேச்சுத்துணை. அந்த மூன்று பேரில் ஒருவரோடு மட்டும்தான் இன்றும் பேசுகிறேன். மற்ற இருவரையும் இழந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

2014இல் கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது "பழக்கம் ஏதாவது?" என்று மாமா கேட்டார். "முன்னாடி இருந்தது, விட்டுட்டேன்" என்றேன். நாற்பது நாள் அது உண்மையாகவும் இருந்தது. அதற்கப்புறம்தான் ஒளிவுமறைவு. 2018 மார்ச்சில் மகள் பிறந்தபோது மறுபடி விட்டேன். இந்த முறை நிஜமாகவே பதினோரு மாதம் ஒன்றுகூட இல்லை. இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

2019 பிப்ரவரியில் ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு மாரடைப்பு. அவருக்கு அப்போது 56 வயது. பஸ் ஓட்டுநர். சிசர்ஸ் சிகரெட்டும் கிடைக்காத இடத்தில் பீடியுமாக முப்பது வருஷத்துக்கு மேல். அடித்துப்பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தேன். ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிகரெட் முதல் காரணம் சார். அடுத்தது ஒண்ணுகூட அவர் பிடிக்கக் கூடாது, நீங்கதான் சொல்லணும்" என்றார். சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை. "அண்ணே, ஒரு கிங்ஸ்."

பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் இழுப்பு. உள்ளே அப்பா படுத்திருக்கிறார். பத்து வருஷம் கழித்து நினைத்தாலும் கூசுகிற இடம் எனக்கு அதுதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையில்லை. பயமும் அறிவும் மட்டும் ஒருவனைச் சிகரெட்டிலிருந்து காப்பாற்றும் என்றால் அந்தக் காலை என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இந்தியாவில் கடையில் ஒற்றைச் சிகரெட் கிடைக்கும் என்பதும் ஒரு வசதி. பாக்கெட் வாங்க வேண்டியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1951இல் 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 3 வருஷ ஆயுள் மிச்சம். 50இல் விட்டால் 6, 40இல் 9, 30இல் 10. 'இவ்வளவு வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப் போகுது' என்று சொல்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். எனக்கு இப்போது 37. அப்பாவுக்கு 62.

இன்னொரு வகை ஆட்கள் உண்டு, நானும் அதில் இருந்தவன். "டெய்லி ஒண்ணு ரெண்டுதான், வீக் எண்ட்ல மட்டும்தான்." 2018இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு வந்தது. நாளுக்கு 20 பிடிப்பவருக்கு இதயநோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிக்கும் ஆணுக்கும் அதில் ஏறக்குறைய பாதி கூடுகிறது. இருபதில் ஒரு பங்குதானே என்று நாம் போடுகிற கணக்கு நுரையீரல் விஷயத்தில் ஓரளவு சரியாக இருக்கலாம், இதயத்துக்குச் செல்லாது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னாலேயே வருகிறது என்பதையும் இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு சொல்லிவிட்டது. சர்க்கரை, கொலஸ்ட்ரால், வயிறு என்று ஏற்கெனவே நம் உடம்பு பாரம் சுமக்கிற உடம்பு. அதன் மேல் இந்த ஒன்று ரெண்டு.

ஆஸ்திரேலியா என்ன செய்யவில்லை சொல்லுங்கள்? 2012 டிசம்பரில் உலகத்திலேயே முதலாவதாகச் சிகரெட் பாக்கெட்டின் அலங்காரத்தை எல்லாம் உரித்துவிட்டு, பார்க்கவே பிடிக்காத ஒரு சாக்கடைப் பழுப்பு நிறத்தைப் பூசியது. அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் நிக்கோலா ராக்சனின் அப்பா புகைத்தவர், உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தபோது மகளுக்குப் பத்து வயது. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. இப்போது குச்சியின் மேலேயே எச்சரிக்கை அச்சடித்து வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் ரயில் நிலைய மேடையில் பிடிக்கக் கூடாது, ஓட்டல் வெளி மேஜையில் கூடாது, குழந்தைகள் விளையாடும் ஊஞ்சலுக்குப் பத்து மீட்டருக்குள் கூடாது, 16 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் சொந்தக் காருக்குள்ளேயே கூடாது. 1991இல் தினமும் புகைத்தவர்கள் நூற்றுக்கு 24 பேர். 2022-23 கணக்கெடுப்பில் 8.3. இதெல்லாம் தானாக நடந்ததில்லை. 1979லிருந்து இதே சிட்னியில் சில பேர், டாக்டர்கள் உட்பட, ராத்திரியில் போய் சிகரெட் விளம்பரப் பலகைகளில் ஸ்ப்ரே பெயின்டால் எழுத்தை மாற்றி எழுதிக் கைதாகியிருக்கிறார்கள். 'புகா அப்' என்று அந்த இயக்கத்துக்குப் பேர். டாக்டர்கள் ஸ்ப்ரே டப்பாவோடு ஏணி ஏறிய ஊர் இது என்று எனக்குத் தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் வரி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏறும். 20 குச்சி உள்ள பாக்கெட் 40 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து பிடித்தால் வருஷத்துக்கு 7,300 டாலர். குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர டிக்கெட் காசு. இந்த வரி ஏழைகளைத்தான் அதிகம் அடிக்கிறது என்ற வாதம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என் விஷயத்தில் வரி வேலை செய்திருக்கும். நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். 2021 வாக்கில் நண்பர் ஒருவர் ஒரு கடையைச் சொன்னார். பழுப்புப் பாக்கெட் இல்லை, படம் இல்லை, பளபளவென்று வெளிநாட்டுப் பாக்கெட், 15 டாலர். கேஷ் மட்டும். 40 டாலர் கொடுக்க வேண்டியிருந்தால் நான் 2021லேயே விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த 15 டாலர் பாக்கெட் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் போட்டுக் கொடுத்தது. ஊரிலிருந்து வருபவர்களிடம் ஒரு கார்ட்டன் கொண்டுவரச் சொல்வதும் இதே ரகம்தான். இந்த நாட்டுக்குள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 25 குச்சியும் திறந்த ஒரு பாக்கெட்டும்தான், 2017லிருந்து. மிக்சரோடும் ஊறுகாயோடும் கார்ட்டனைச் சுருட்டி வைக்கச் சொல்லி யாரோ ஒரு வயதான அம்மாவை ஏர்போர்ட்டில் மாட்டிவிடுகிறோம். கள்ளச் சிகரெட் வியாபாரம் யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மெல்பர்ன்வாசிகளைக் கேளுங்கள். 2023லிருந்து அங்கே எத்தனை கடைகள் தீ வைத்து எரிக்கப்பட்டன என்று அவர்களே சொல்வார்கள். அந்த வியாபாரத்துக்கு நானும் ஒரு வாடிக்கையாளன்.

சரி, எப்படி விட்டேன்?

என் மனைவி அந்த ராத்திரி சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "என்னைக்கு விடப் போறீங்கன்னு தேதி சொல்லுங்க. விட்டீங்கன்னா எனக்குத் தெரியணும், விடலைன்னாலும் எனக்குத் தெரியணும். இனிமே குப்பைத் தொட்டிகிட்ட போய் நிக்காதீங்க, பிடிக்கிறதா இருந்தா முன் வாசல்ல நின்னு பிடிங்க" என்றாள். முன் வாசல்! எதிர் வீட்டில் யாழ்ப்பாணத்து அங்கிள் இருக்கிறார், இரண்டு வீடு தள்ளி என் மகளின் தமிழ்ப்பள்ளித் தோழி இருக்கிறாள். மூன்று நாள் முன் வாசலில் நின்று பிடித்தேன். அந்த மூன்று நாளில் சிகரெட்டின் ருசி பாதி போய்விட்டது. ஒளிந்து பிடிப்பதில் இருந்த சின்னத் திருட்டுச் சந்தோஷம்தான் இத்தனை நாள் அதை ருசியாக வைத்திருந்தது போல.

மூன்றாம் நாள் அங்கிள் தெருவைத் தாண்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர். "தம்பி, நீர் சிகரெட் பத்துறனீர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். அவர் ஊரில் புகைப்பதைப் 'பத்துறது' என்பார்கள். பிறகு வாசல் படியிலேயே உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். "எங்கட அப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். நான் புகையிலைக் காசிலதான் படிச்சனான். வீட்டில ஒருத்தரும் அதைக் குறை சொல்லேலாது, சோறு அதுதானே." யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறிய சரக்கு. அவர் தாத்தா சுருட்டு, அப்பா சுருட்டு, இவர் இங்கே வந்து சிகரெட். "பைபாஸ் செய்த பிறகுதான் விட்டனான். டொக்டர் விடச் சொன்னவர், விட்டனான். அதில என்ன பெருமை இருக்கு? நீர் நெஞ்சைக் கிழிக்க முதல் விடும்." இத்தனைக்கும் என் மனைவி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன் வாசலில் நின்றதன் பலன் அது.

என் தேதி ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் ஜி.பி.யிடம் போனேன். வெட்கமாக இருந்தது. அவர் வெட்கப்படும்படி ஒன்றும் கேட்கவில்லை, காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்று மட்டும் கேட்டார். அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி பலம் என்று அர்த்தமாம். நிக்கோட்டின் பேட்ச்சுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு இருந்தால் அரசு மானிய விலையில் கிடைக்கும், பலருக்கு இது தெரியாது. பேட்ச் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஆசை வரும்போது நிக்கோட்டின் சூயிங் கம்மும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்த்தால் பலன் கூடுதல். அந்தக் கம்மைச் சாதாரண கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. கொஞ்சம் மென்றதும் சுறுசுறுவென்று காரம் வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். எங்கள் அப்பத்தா புகையிலையை அடக்கியது அப்படியேதான்! சுவீடனில் பிறந்த விஞ்ஞானம் கடைசியில் அப்பத்தாவின் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது என்று சிரித்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். காபி. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் காபியின் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றால் அந்த வேகமும் நின்றுவிடும். அதே மூன்று காபி குடித்தால் ஐந்தாறு குடித்த மாதிரி படபடப்பு, தூக்கமின்மை. நான் முதல் இரண்டு முறை விட்டபோது இதைத்தான் 'சிகரெட் இல்லாத வேதனை' என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை ஃபில்டர் காபியைப் பாதியாகக் குறைத்தேன், பாதி எரிச்சல் போனது. குறைப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, கும்பகோணம் டிகிரி காபிப் பொடி பென்டில் ஹில்லில் கிடைக்கிறதே!

முதல் மூன்று நாள் மோசம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மீட்டிங்கில் ஜூனியர் பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆசையும் சில நிமிஷம்தான் இருக்கிறது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கினால் கை தானாகப் பைக்குள் போகும். ஸ்டேஷன் தெருவில் கொத்து ரொட்டி சாப்பிட்டு வெளியே வந்தால் கால் தானாக ஓரமாக ஒதுங்கும். அந்த இடங்கள்தான் என்னோடு சண்டை போட்டன. அதனால் ஒரு மாதம் ஸ்டேஷனின் இன்னொரு பக்கமாக இறங்கிச் சுற்றி நடந்தேன். ராத்திரி குப்பை நேரத்தில், மேஸ் ஹில் முருகன் கோயில் வரை நடை. பக்தி என்று அங்கிள் நினைத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும்.

க்விட்லைனுக்கும் போன் செய்தேன், 13 7848. தமிழில்தான் பேச வேண்டும் என்பவர்கள் 131 450க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மிடம் 'வைராக்கியம்' என்று ஒரு சொல் இருக்கிறது. வைராக்கியம் இருந்தால் விடலாம், மருந்து எதற்கு, ஆலோசனை எதற்கு என்போம். அதில் உண்மையும் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் சாப்மன் பல வருஷமாகச் சொல்லி வருவதும் அதுதான், சிகரெட்டை விட்டவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல் விட்டவர்கள். முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் வைராக்கியம் தோற்றால் நாம் என்ன செய்கிறோம்? வெளியே சொல்லாமல் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்கிறோம். கனடாவில் ஒரு ஆய்வு 2016இல் சொன்னது: கடைசியாக விடுவதற்கு முன் ஒருவர் முப்பது முறைகூட முயன்று தோற்றிருக்கலாம். எனக்கு மூன்றாவது முறை. நான் தோற்றது வைராக்கியம் இல்லாததால் என்று ஒன்பது வருஷம் நம்பினேன். கோட் ஒருமுறை கம்பைல் ஆகவில்லை என்றால் நாம் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறோமா?

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்தக் கட்டுரை பழைய ஆட்களின் கதையாகத் தெரியலாம். தமிழ்ப் படத்தில் ஹீரோ புகைத்தவுடன் திரையின் ஓரத்தில் வரும் எச்சரிக்கையைப் பார்த்து நீங்கள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது மாம்பழ வாசனை. 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடை தவிர வேறு எங்கும் வேப் விற்பது சட்டவிரோதம், ஆனாலும் உங்களுக்கு எங்கே கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதில் நெருப்பில்லை, ஆனால் உள்ளே இருக்கிற நிக்கோட்டின் அதேதான். என் நண்பர் ஒருவர் மகனின் பையில் அதைக் கண்டுபிடித்து வீட்டையே இரண்டாக்கினார். கத்தி முடித்துவிட்டு, மனசு சரியில்லை என்று கராஜுக்குப் போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தார். பையன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நீரிழிவு, கொலஸ்ட்ரால் என்று நம் விழாக்களில் எத்தனையோ பேசுகிறோம், சிகரெட் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஏனென்றால் அதிகாரபூர்வமாக நம்மில் யாரும் பிடிப்பதே கிடையாது.

போன மாதம் அப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆறு மாதம் சும்மா இருந்தார், அதன்பின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தார். இவ்வளவு நாள் நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் 'சரிப்பா' என்பார், அதோடு முடிந்தது. அன்றைக்குத் திட்டவில்லை. "அப்பா, நானும் பிடிச்சேன். பதினாறு வருஷம். விட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியும்டா" என்றார். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ உள்ள வந்து கையப் பிடிச்சேல்ல, அன்னைக்கே வாடை தெரிஞ்சுச்சு. நம்மளப் பாத்துத்தானே ஆரம்பிச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். எப்படிக் கேக்குறது?"

உங்களைப் பார்த்து இல்லை அப்பா, டீக்கடை பெஞ்சுக்காக என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"அந்த ஒட்டுறதுங்கிறியே, அது இங்க மருந்துக்கடையில கெடைக்குமா? எம்புட்டு ஆகும்?" என்று கேட்டார். அவருடைய டாக்டரைக் கேட்காமல் எதையும் ஒட்ட வேண்டாம் என்றேன். அடுத்த நாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

இதை எழுதும்போது அவருக்குப் பதினோராவது நாள். அம்மாதான் எண்ணிக்கொண்டிருக்கிறார், காலண்டரில் தினமும் ஒரு கோடு.